முதல் முள்ளை உருவிய மங்கம்மா

விடியற்சங்கு ஊதுவதற்கு முன்பே மங்கம்மாவின் அடுப்பு எரிந்தாக வேண்டும். முதல் ஷிப்டுக்கு இறங்குகிறவர்களில் இருபது பேராவது அவள் வாசலில் குந்தி, ஆளுக்கொரு களி உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் புரட்டி விழுங்கிவிட்டுத்தான் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் பக்கம் நடப்பார்கள். சாம்பியன் ரீப்ஸிலிருந்து பாலகாட் போகும் வண்டிப்பாதைக்குத் தெற்கே, மூங்கில் தட்டிச் சுவரும் புல் கூரையுமாக நாற்பது குடிசைகள். கல்லுக்குழி லைன் என்று பெயர். 1903ஆம் வருஷம். ஷாப்டின் உச்சியில் கரண்ட் விளக்கு வந்து ஒரு வருஷமாகியிருந்தது. லைனில் இன்னும் மண்ணெண்ணெய்ச் சிமினிதான்.

மங்கம்மாவின் குடிசை முன்வரிசையில் கடைசி. அதைத் தாண்டினால் பொட்டல், பொட்டலுக்கு நடுவே பழைய குழி. துரைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ தங்கத்துக்காகத் தோண்டி, மூடாமல் போயிருந்தார்கள். வாய் ஒரு மாட்டுவண்டி அகலம். கல்லைப் போட்டால் அஞ்சு எண்ணிய பிறகுதான் சத்தம் வரும். லைன் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதன் ஓரமாகப் போன ஒற்றையடிப் பாதையில்தான் லைன் சனம் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனது. அடுத்த லைன்காரர்கள் ஷிப்டுக்கு வந்ததும், வழியில் மங்கம்மாவிடம் களி தின்றதும் அதே பாதையால்தான்.

அவளால் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது. தாது வருஷப் பஞ்சத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஏழு வயதில் நடக்கத் தொடங்கியவள். முப்பத்துநாலு வயதிலும் நடந்துகொண்டே இருப்பவள் போலத்தான் இருந்தாள். களி கிண்டும்போது குழம்பைப் பார்ப்பாள், குழம்பைக் கிளறும்போது வாசலைப் பார்ப்பாள். புருஷன் தசரதனுக்குக் கண் போன பிறகு அந்தப் பார்வை இன்னும் அலைந்தது. மூன்று வருஷத்துக்கு முன், சுரங்கத்தில் வெடிக்காமல் நின்ற ஒரு வெடியை நேரம் ஆகுமுன்னே எட்டிப் பார்க்கப் போய், இரண்டு கண்ணையும் கொடுத்துவிட்டு மேலே வந்தவன் அவன். உயிர் மிஞ்சியது. வாயும் மிஞ்சியது.

சும்மா இருக்கமாட்டாமல் அவன் ஒரு வேலை கண்டுபிடித்திருந்தான். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் தொப்பியின் முன்பக்கம் ஒரு களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொள்வார்கள். அந்த மண் காய்ந்து விரியக்கூடாது, இளகி வழியவும் கூடாது. கல்லுக்குழியின் கரை மண்தான் அதற்குத் தோது. தசரதன் அதைப் பிசைந்து, ஈரத்துணியில் மூடி, மங்கம்மாவின் களிச்சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பான்.

"யோவ் தசரதா, நேத்து உன் உருண்டையத் தின்னுட்டு மங்கா உருண்டையத் தொப்பியில ஒட்டிகினேன்யா," என்பான் காத்தவராயன். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் கூண்டில் முதல் ஆளாக இறங்குகிறவன், லைனிலேயே வாய் நீளமானவன். "மெழுகுவத்தி இன்னா சிக்குனு நின்னுது தெரியுமா!"

"அப்போ உன் வயித்துக்குள்ள நல்லா வெளிச்சம் தெரிஞ்சிருக்குமே. எதனா தங்கம் கண்ணுல பட்டுதா?" என்பான் தசரதன்.

மண் எடுக்க மட்டும் அவனால் தனியாகப் போக முடியாது. மங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்க் குழிக்கு நாலு முழம் இப்பால் உட்காரவைப்பாள். அவன் தோண்டும் வரைக்கும் அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்தபடியே நிற்பாள். "மாட்டைக் கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்கியே மே," என்று அவன் அலுத்துக்கொள்வான். அவள் பிடியை விடமாட்டாள்.

ஐப்பசி அடைமழையில் பால்காரனின் எருமை ஒன்று குழிக்குள் விழுந்தது. மூன்று நாள் நாற்றம். நாலாம் நாள், சுரங்கக் கல்லை ஜல்லிமில்லில் அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் வெள்ளை மணலைப் பொட்டலில் கொட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தது. குழியும் மூடும், மணலுக்கும் இடமாகும் என்று சுரங்கத்தை நடத்தும் கேப்டன் துரை சொன்னாராம்.

அன்று காலை களி தின்ன வந்தவர்கள் தின்றதைவிடப் பேசியதுதான் அதிகம்.

"குழிய மூட ஒரு வண்டி கல்லு போதும்," என்றான் காத்தவராயன். "பொட்டல் பூராவும் மணலு எதுக்கு? இன்னிக்குப் பொட்டலு. நாளைக்கு மணலு சரிஞ்சி உன் அடுப்பு மேல குந்தும். அப்புறம் லைனையே காலி பண்ணுன்னுவாங்க."

"அந்த மணல்ல ஓடுற தண்ணியக் குடிச்சி கீழ் லைன்ல ஒம்போது ஆடு செத்துது," என்றாள் பக்கத்துக் குடிசை மரியகுழந்தை. இரண்டு ஆடும் மூன்று குட்டியும் வைத்திருந்தாள். அவற்றின் பெயரைச் சொல்லித்தான் மாதாவிடம் வேண்டுவாள். "காத்தடிச்சா அந்தத் தூளு சட்டியில, கண்ணுல, புள்ளைங்க வாயில. நான் உடமாட்டேன், சொல்லிட்டேன்."

"வழி போயிடும்டா," என்றார் லைன் மேஸ்திரி முனிரத்தினம். குண்டான உடம்பு, குந்தினால் எழ ஒருத்தர் கை கொடுக்க வேண்டும். "பேட்டைக்கு டிராம் ரோட்டைச் சுத்திகினு போவணும். லோடு வண்டி ஓடுற எடம். பொம்பளைங்க எப்படிப் போவாங்க?"

"நெலம் கம்பெனியுது மாமா," என்றான் டேவிட். டைம் ஆபீசில் வேலை, இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன். களி தின்னும்போதுகூடச் சட்டையில் பொத்தான் போட்டிருப்பான். "நாம கேக்கத்தான் முடியும். மனு எழுதித் தரேன். எல்லாரும் கைநாட்டு வையுங்க."

மங்கம்மாவும் மணல் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பாதை போனால் அவள் பிழைப்பும் கூடவே போகும். ஆனால் எருமை குழிக்குள் கத்திய கத்தல் அவள் காதை விட்டுப் போகவில்லை.

"குழி?" என்றாள். "மணலு வேணாம், சரி. குழிய இன்னா பண்றது?"

"அது நம்ம கூடவே கீற குழிதானே மங்கா," என்றார் முனிரத்தினம்.

"எருமைக்கும் கூடவே கீற குழிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கைநாட்டு வைக்க டேவிட் தாளை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுற்றிலும் வேலி போடுகிறோம் என்று எழுதினால்தான் கை நீட்டுவேன் என்றாள். டேவிட் எழுதினான்.

கேப்டன் துரை மனுவைப் படித்துவிட்டுச் சொன்ன பதில் இதுதான்: தை பிறந்த முதல் வாரத்தில் நானே வந்து பார்ப்பேன். ஆள் நெஞ்சு உயரத்துக்கு முள்வேலி இடைவெளி இல்லாமல் நின்றால் மணலுக்கு வேறு இடம் பார்க்கிறேன். நிற்காவிட்டால் மணல்தான்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலி எழும்பியது. கோயிலுக்குப் போனவர்கள் பூசை முடிந்து நேராக வந்தார்கள், சாராயத்துக்குப் போக வேண்டியவர்கள் போகாமல் வந்தார்கள். பாலகாட்டுக்கு அப்பாலிருந்து வேல முள்ளும் இலந்தை முள்ளும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. கவைக்கோலால் மிதித்து, அடுக்கி, கல்லேற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் குழியைச் சுற்றி ஒரு பெரிய சட்டியின் விளிம்பைப்போல் வட்டமாக நின்றது வேலி. குழி வாய்க்கும் வேலிக்கும் நடுவே ரெண்டு முழம்தான். லைனில் எல்லோர் கையும் அங்கேயும் இங்கேயும் கீறி, ரத்தம் காய்ந்திருந்தது. ஒருத்தரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மறுநாளே தசரதன் ஒன்றைக் கண்டுபிடித்தான். கைக்கோலை வேலியில் உரசிக்கொண்டே நடந்தால் முள் சரசரக்கும். சரசரப்பு இருக்கும் வரை பயமில்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போய், மேற்குக் கரையில் மண்ணை வெட்டி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சத்தத்தோடு திரும்பி வந்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தனியாக. வாசலில் கூடையை இறக்கிவிட்டு நின்றான். முகம் விரிந்திருந்தது. மங்கம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் வேட்டியை அவள் பிடிக்கவில்லை.

கார்த்திகை முழுக்கத் தூறல். கம்பெனி டிப்போ விறகு ஊறிப்போய் வந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்ததே தவிர நெருப்பு பற்றவில்லை. களி பாதி வேக்காட்டில் கட்டிதட்டி நின்றது. சங்கு ஊதப்போகிறது, இருபது வயிறு வாசலில் குந்தியிருக்கிறது. வேலியின் மேல் அடுக்கில் காற்றில் ஆடி ஆடி உலர்ந்திருந்த ஒரு வேலங்கிளை கீழே விழுந்து கிடந்தது. விழுந்ததுதானே என்று எடுத்து வந்து ஒடித்துச் செருகினாள். படபடவென்று பிடித்துக்கொண்டது. களி பளபளவென்று திரண்டது.

மறுநாள் விழுந்தது எதுவும் இல்லை. விழப்போகிற மாதிரி ஒன்று இருந்தது. அதைக் கவைக்கோலால் தட்டினாள். அதற்கு மறுநாள் தட்டக்கூட இல்லை, உருவினாள். ஒன்று மட்டும். குடிசைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், மேலாக, ஒரே ஒரு கிளை. வேலி எவ்வளவு பெரிசு!

மார்கழி வந்தது. அந்தக் குளிரில் மூச்சு விட்டால் வாய் முன்னால் வெள்ளையாக நின்றது. மரியகுழந்தை கிழக்குப் பக்கமிருந்து முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு வருவதை ஒருநாள் மங்கம்மா பார்த்தாள். முந்தானையில் முள் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்குத் தழை," என்றாள் மரியகுழந்தை, கேட்காமலே.

"ம்," என்றாள் மங்கம்மா. அவள் கையிலும் கவைக்கோல் இருந்தது.

காத்தவராயன் பெண்டாட்டி வெந்நீர் வைக்கிற அடுப்பிலும் அதே படபடப்பு கேட்டது. ஷிப்டுக்குக் காத்திருந்தவர்கள் பொட்டலில் குளிர் காய்ந்த இடத்தில் சாம்பலுக்குள் கருகாத இலந்தை முள் கிடந்தது. முனிரத்தினம் வீட்டுக் கூரையிலிருந்து எழும்பிய புகையின் மணமும் அதே மணம். மங்கம்மாவுக்குக் கேட்கத் துடிப்பாக இருந்தது. தெருவில் நின்று, யாருடி, யார்றா, என்று கத்த வேண்டும் போல் வந்தது. வாயைத் திறந்தால் தன் அடுப்புப் புகைதான் முதலில் வரும். களி போடுவாள், வாசலுக்கு வருவாள், வேலியைப் பார்ப்பாள், உள்ளே போவாள், மறுபடி வருவாள். வேலி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குட்டையாகிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து எடுப்பதில்லை என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்தாள். ஒவ்வொரு நாளும் விடியற்சங்கு அவளுக்கு முன்னால் ஓடியது.

மார்கழி முடிய ஐந்து நாள் இருக்கும். மூடுபனி வாசல் வரை வந்து நின்ற காலை. களி கொதி வந்து அவள் துடுப்பை இறுக்கிப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மண்ணு தீந்துபோச்சி மே. ஒரு கூடை வெட்டிகினு வரேன்," என்று தசரதன் சொன்னது காதில் விழுந்தது. "ம்" என்றாள். காத்தவராயன் உருண்டையை வாங்கிக்கொண்டு எதையோ கிண்டல் செய்தான். அவள் இரண்டாவது உருண்டையைத் தட்டினாள். மூன்றாவதைத் தட்டும்போதுதான் கை நின்றது.

சரசரப்பு கேட்கவில்லை.

நேற்று எடுத்தது எந்த இடம்? அதற்கு முந்தின நாள்? குடிசைக்கு நேர் எதிரே இரண்டு பேர் தோளோடு தோள் நுழையலாம் போல் வேலி தேய்ந்திருந்தது. மேலே அவள் உருவினாள், கீழே யார் யாரோ உருவியிருந்தார்கள். களிச்சட்டி அடுப்பிலேயே இருக்க, துடுப்போடு அவள் ஓடினாள்.

"யோவ்! நில்லு! அப்பிடியே நில்லு!"

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. நிதானமான குரல், கொஞ்சம் கோபமும் இருந்தது.

"நிக்கல. குந்திகினு கீறேன். மங்கா, வேலி எங்க மே?"

வேலிக்கு உள்ளே, குழி வாய்க்கு ஒரு முழம் இப்பால், அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கோலை முன்னால் நீட்டித் துழாவியிருக்கிறான். கோல் வெறும் காற்றில் போனதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் பின்னாலிருந்து அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். ஒரு கட்டி மண் குழிக்குள் போனது. அவள் எண்ணவில்லை, ஆனால் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

களி தின்ன வந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்து நின்றார்கள். சிலர் கையில் உருண்டை அப்படியே இருந்தது. வேலியைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

"எவன் எடுத்தான்?" என்றார் முனிரத்தினம். சத்தமாகத்தான் கேட்டார்.

"நான்," என்றாள் மங்கம்மா. இன்னும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். "மொதல்ல எடுத்தவ நான்தான். அப்புறம் எடுத்தவங்க அவங்கவங்க சொல்லிக்கட்டும்."

முனிரத்தினம் தரையைப் பார்த்தார். மரியகுழந்தை சிலுவை போட்டுக்கொண்டாள். தசரதன் தலையைத் திருப்பி, மனைவி இருக்கும் திசைக்கு முகத்தைக் காட்டினான்.

"அடுப்புக்கா?" என்று கேட்டான்.

"ஆமா."

அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலாம் போல் இருந்திருக்கும். களி அன்று அடிபிடித்துக் கருகியது. மீதிப் பேர் வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போனார்கள்.

புது முள் வெட்டப் பாலகாட்டுப் பக்கம் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அங்கே இருந்த முட்புதரையெல்லாம் வேறு லைன் சனம் தங்கள் அடுப்புக்கு வெட்டிவிட்டிருந்தது. துரை வர இரண்டு நாள். முனிரத்தினம் ஒரு யோசனை சொன்னார். பழைய மூங்கில் தட்டிகளை இடைவெளியில் நிறுத்தி, மேலே இருக்கிற முள்ளைப் பரப்பினால், குதிரை மேலிருந்து பார்க்கிறவனுக்கு வேலியாகத்தான் தெரியும். துரை போன பிறகு நிதானமாகச் சரி செய்துகொள்ளலாம்.

"நீ மட்டும் வாயத் தொறக்காத மங்கா," என்றார். "அந்த நேரத்துக்குப் பேட்டைப் பக்கம் போயிட்டு வா. கும்புட அங்க எதனா கோயிலு இருக்கும்."

"வழிய நெனச்சிப் பாருடி," என்றாள் மரியகுழந்தை. "உன் பொழப்பும் அதுலதான் கீது."

அவளுக்குத் தெரியாதா? இரண்டு நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தாள். அடுப்புக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் வேலிக்கும். தட்டி போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஆடியது. தசரதன் குடிசைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மண் உருண்டை கேட்டு வந்தவர்களிடம், தீர்ந்துபோச்சு என்றான். கோலைக் கூரையில் செருகிவிட்டிருந்தான்.

துரை வந்தபோது அவள் பேட்டைக்குப் போகவில்லை. கூரையிலிருந்து கோலை எடுத்துத் தசரதன் கையில் கொடுத்து, அவனையும் கூட்டிக்கொண்டு வேலியருகே போய் நின்றாள். துரை குதிரையிலிருந்து இறங்கவில்லை. வேலியைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, டேவிட்டிடம் ஏதோ கேட்டார்.

"வேலி பலமா கீதான்னு கேக்குறாரு," என்றான் டேவிட், முனிரத்தினத்தைப் பார்த்து.

"பலம்தான்னு சொல்லு," என்றார் முனிரத்தினம்.

"இல்லன்னு சொல்லு தம்பி," என்றாள் மங்கம்மா.

டேவிட் சட்டைப் பொத்தானைத் திருகினான். "அக்கா, துரை போவட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"நீ இப்பச் சொல்லு."

டேவிட் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினான். அவள் புருஷனைப் பார்த்தாள். "தட்டு," என்றாள். தசரதன் கோலை ஓங்கவில்லை. லேசாக, தினமும் உரசுவதுபோல் உரசினான். சரசரப்புக்குப் பதிலாக டொக்கென்று மூங்கில் சத்தம். இன்னொரு தடவை. தட்டி உள்பக்கமாகச் சாய்ந்து, முள்ளையும் இழுத்துக்கொண்டு, குழிக்குள் போனது. மொழிபெயர்க்க எதுவும் மிச்சமில்லை.

துரை இறங்கினார். குழி ஓரத்து மண்ணைப் பூட்ஸால் அழுத்திப் பார்த்தார், அது உதிர்ந்தது. அங்கிருந்து மங்கம்மாவின் குடிசை வரை நீள நீளமாக அடி வைத்து நடந்தார். திரும்பி வந்து டேவிட்டிடம் இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டுக் குதிரையேறினார்.

"திங்கக்கெழமையிலிருந்து மணலு," என்றான் டேவிட். அடுத்ததைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. "மண்ணு இளகியிருக்காம். முன்வரிசை ஏழு குடிசையும் இங்க இருக்கக் கூடாதாம். சனிக்கெழமைக்குள்ள பாலகாட்டுப் பக்கம் போயிடணுமாம்."

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மங்கம்மாவும்கூட. மரியகுழந்தையின் குடிசையும் அந்த ஏழில் ஒன்று. அவள் மங்கம்மாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டு, திரும்பி ஆட்டைப் பிடிக்கப் போய்விட்டாள். காத்தவராயன் தரையில் துப்பினான். "உண்மையச் சொல்லிட்ட. நல்லா இரு," என்றான். கிண்டல் இல்லாமல் அவன் பேசி அன்றுதான் அவள் கேட்டாள்.

அந்த வாரம் அவள் வாசலில் குந்தியவர்கள் நாலு பேர். மீதிக் களியை ஆடுகூடத் தொடவில்லை, மரியகுழந்தை கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஏழு குடிசையையும் பிரித்தார்கள். புல்லைக் கட்டினார்கள், தட்டிச் சுவர்களைக் கட்டவிழ்த்து முழுசு முழுசாகத் தூக்கினார்கள். ஒரு சுவருக்கு நாலு ஆள் வேண்டும். ஆள் போதவில்லை. மங்கம்மாவின் பெரிய சுவரை முன்னால் காத்தவராயனும் டேவிட்டும் பிடித்தார்கள். பின்னால் ஒரு மூலையைத் தசரதன் தோளில் வாங்கிக்கொண்டான். இன்னொரு மூலை காலியாக ஆடியது. மரியகுழந்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆட்டுக்கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வந்து அந்த மூலைக்குத் தோள் கொடுத்தாள்.

தசரதன் கோலில்லாமல் நடந்தான். சுவர் போகிற பக்கமெல்லாம் அவன் போனான். மேட்டில் ஏறும்போது சுவர் சொன்னது, பள்ளத்தில் இறங்கும்போதும் சுவர்தான் சொன்னது. மங்கம்மா தணல் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் முதல் மணல் வண்டிக்காகத் தண்டவாளம் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாலகாட்டுப் பக்கத்து இடத்தில் சுண்ணாம்பு பூசிய கல் நட்டு எல்லை காட்டியிருந்தது. மங்கம்மா தணல் சட்டியை இறக்கி வைத்தாள். அடுப்புக்கு இடம் பார்க்கவில்லை. புல்லை விலக்கி விலக்கி, குனிந்து, காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். பக்கத்து லைனிலிருந்து குடத்தோடு வந்த ஒருத்தி நின்றாள்.

"இன்னாமா தொலைச்சிட்ட?"

"இங்க பழைய குழி எதனா கீதா?"

"ரெண்டு இருந்துது. ஒண்ண மூடிட்டாங்க."

"இன்னொண்ணு?"

குடத்துக்காரி மோவாயால் கள்ளிப் புதருக்கு அப்பால் காட்டினாள்.

"மங்கா, சுவர எறக்கலாமா?" என்று கூப்பிட்டான் தசரதன்.

"இருய்யா. எறக்காதீங்க. பாத்துட்டு வரேன்."

நாலு பேரும் சுவரைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்கள். அவள் கள்ளிப் புதரைச் சுற்றி மறையும் வரை காத்தவராயன் கால் மாற்றி நின்றான். அப்போதுதான் மரியகுழந்தை ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டாள்.

"சீக்கிரம் பாத்துட்டு வாடி. தோள் உட்டுப் போவுது."